டீ வடிகட்டியில் சர்க்கரை நிற்குமா? திருப்பூர் சாயத் தண்ணீர் கற்றுத்தந்த பாடம்

திருப்பூர்,

ஊரின் பெயரிலேயே நெருப்பு இருக்கிறது. ஆனால் பொழுது விடிந்தால் அங்கே பேச்செல்லாம் தண்ணீரைப் பற்றித்தான்!

அந்த ஊர் நெருப்பெரிச்சல். திருப்பூரின் வடபகுதியில், பூலுவபட்டி, வாவிபாளையம் பக்கத்தில் இருக்கிறது. முன்பு தனி ஊராட்சி. 2011-ம் ஆண்டு திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்தது. பனியன் கம்பெனிகளுக்குப் போகிறவர்களும், அவர்களை நம்பிக் கடை வைத்திருப்பவர்களும் நிறைந்த பகுதி.

இந்தப் பக்கத்து வீடுகளில் தண்ணீர் மூன்று ஜாதி. குழாயில் வருவது "நல்ல தண்ணி". போரில் இறைப்பது "உப்புத் தண்ணி". காசு கொடுத்து வாங்குவது "கேன் தண்ணி".

கேன் போடுகிற பையன் சைக்கிள் மணி அடித்தால் வாசலில் நடக்கிற பேச்சு இப்படித்தான் இருக்கும்:-

"ஏனுங்கக்கா, கேன் ஒண்ணுங்களா, ரெண்டுங்களா?"

"போன கேன் ஒரு மாதிரி சப்புன்னு இருந்துச்சே தம்பி?"

"மினரல் வாட்டருங்கக்கா! டி.டி.எஸ். நாப்பதுதான். மீட்டர் வெச்சுக் காட்டட்டுங்களா?"

அக்காவும் தலையை ஆட்டி ஒரு கேனை இறக்கச் சொல்லி விடுவார்.

டி.டி.எஸ்., ஆர்.ஓ., ரிஜெக்ட், ஸ்லட்ஜ், ஜீரோ டிஸ்சார்ஜ். மற்ற ஊர்களில் என்ஜினீயர்கள் மட்டும் பேசுகிற இந்த வார்த்தைகளைத் திருப்பூரில் டீக்கடையில் கேட்கலாம். லாரி டிரைவருக்கும் தெரியும். பாத்திரம் தேய்க்கிற அம்மாவுக்கும் தெரியும்.

ஆனால் இவற்றின் பொருள் என்ன? ஒவ்வொரு வார்த்தையும் தண்ணீரிலிருந்து எதை எடுக்கிறது, எதை விட்டு வைக்கிறது?

இது புரியாமல் போனதால்தான் ஓர் ஆறு கெட்டது. ஓர் அணை பாழானது. 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் ஒரே உத்தரவில் மூடப்பட்டன. அந்தக் கதை வருமாறு:-

உப்பு இல்லாமல் சாயம் இல்லை

பருத்தித் துணிக்குச் சாயம் போடுவது சாதாரண வேலை அல்ல. சாயம் தண்ணீரில் சுகமாகக் கரைந்து கிடக்கும். துணிப்பக்கம் போகவே மனம் வராது. அதைத் துணியை நோக்கித் தள்ளிவிடுவது எது தெரியுமா? உப்பு!

சோற்றுக்குப் போடுகிற அதே உப்பு. அல்லது "கிளாபர் உப்பு" என்கிற சோடியம் சல்பேட். தொட்டியில் உப்பைக் கொட்டினால்தான் சாயம் நூலில் ஏறும். பிறகு சோடாச் சாம்பல் போட்டால் நூலோடு பிடித்துக்கொள்ளும்.

கொஞ்சநஞ்ச உப்பு அல்ல. கறுப்பு, கருநீலம் போன்ற அழுத்தமான நிறம் என்றால் ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ அளவுக்குக்கூட உப்பு வேண்டியிருக்கும்.

துணியில் சாயம் ஏறிவிட்டது. உப்பு எங்கே போயிற்று?

துணியில் ஒரு துளி உப்பும் தங்காது. அத்தனையும் அலசுகிற தண்ணீரோடு வெளியே வந்துவிடும். ஒட்டாமல் போன சாயமும் அதோடு வரும்.

சாயம் கண்ணுக்குத் தெரியும். உப்பு தெரியாது. இந்த ஒரு வித்தியாசத்தில்தான் எல்லா வினையும் ஆரம்பமானது.

நொய்யலில் ஓடிய நிறங்கள்

கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிறது நொய்யல். கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது.

1980-களில் திருப்பூர் பனியன் வெளிநாடுகளுக்கு அதிகமாகப் போக ஆரம்பித்தது. ஊரில் காசு புழங்கியது. வெள்ளை பனியன் மட்டும் தைத்த ஊர், வண்ண வண்ணமாகத் தைத்தது. பட்டறைகள் பெருகின.

பட்டறைகளுக்குத் தண்ணீர் வேண்டுமே? சுற்று வட்டாரத்துக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் வந்தது. நல்ல தண்ணீராக உள்ளே போனது, சாயத் தண்ணீராக ஆற்றுக்கு வந்தது.

"இந்த வருஷம் அமெரிக்காவுல என்ன கலரு பேஷன்னு நொய்யலைப் பாத்தாத் தெரிஞ்சுக்கலாம்" என்று ஊரில் வேடிக்கையாகப் பேசிக்கொள்கிற நிலை வந்தது.

ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த விவசாயிகளுக்கு அது வேடிக்கையாக இல்லை.

சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே ஓர் அணை உண்டு. கொள்ளளவு 616 மில்லியன் கன அடி. 1990-களின் தொடக்கத்தில், வறண்ட பூமிக்குப் பாசனம் தருவதற்காகக் கட்டி முடிக்கப்பட்டது.

அணை நிறைந்தது. ஆனால் நிறைந்தது சாயக்கழிவு!

அந்தத் தண்ணீரைப் பாய்ச்சினால் பயிர் கருகியது. பாய்ச்சாமல் விட்டாலும், அணையில் தேங்கி நின்ற தண்ணீர் பூமிக்குள் இறங்கிப் பக்கத்துக் கிணறுகளையும் உப்பாக்கியது. "தண்ணி வேணும்" என்று அணை கேட்ட விவசாயிகளே, "தண்ணியைத் தேக்காதீங்க, திறந்துவிட்டுடுங்க" என்று போராடினார்கள். பாசனத்துக்குக் கட்டிய அணையில் தண்ணீர் தேக்க வேண்டாம் என்று விவசாயியே சொன்ன விபரீதம் இங்கே நடந்தது.

"சுத்திகரிச்சுத்தானே விடறோம்!"

பட்டறைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 1990-களில் பலர் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டினார்கள். பெரிய பட்டறைகள் தங்களுக்கென்று தனி நிலையம் வைத்தன. கோடிக்கணக்கில் பணம் செலவானது.

"நாங்க சுத்திகரிச்சுத்தானே விடறோம்" என்றார்கள் பட்டறைக்காரர்கள்.

"சுத்திகரிச்ச தண்ணியில எதுக்குத் தென்னை சாகுது?" என்றார்கள் விவசாயிகள்.

இரண்டு பேர் சொன்னதும் உண்மை! அது எப்படி?

அந்த நிலையங்களில் நடந்தது இதுதான்:-

முதலில் கழிவு நீர் கம்பி வலை வழியாக வரும். நூல், பிசிறு எல்லாம் அங்கே நின்றுவிடும்.

அடுத்தது "சமன் தொட்டி". ஒரு பட்டறையிலிருந்து சூடாக வரும், இன்னொன்றிலிருந்து காரமாக வரும். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கலந்து ஒரே நிலைக்குக் கொண்டு வருவார்கள்.

பிறகு சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போடுவார்கள். கலங்கல் திரண்டு அடியில் படியும். மோர் திரிந்தால் தெளிவு தனியாக, கட்டி தனியாக நிற்கிறதே, அந்த மாதிரி. அடியில் படிகிற சேறுதான் "ஸ்லட்ஜ்".

மேலே நிற்கிற தெளிவை மணல் படுகை வழியாக விட்டு வடிகட்டுவார்கள். நிறம் பெரும்பாலும் போய்விடும். நாற்றமும் குறையும். பார்க்கிறவர்களுக்குத் தண்ணீர் தெளிந்தது போலத் தெரியும்.

உப்பு? அது அப்படியே இருக்கும். போட்ட சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் கூட்டியும் வைக்கும்.

வீட்டில் டீ போடுகிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். டீயை வடிகட்டினால் தூள் நிற்கும். சர்க்கரை நிற்குமா? எத்தனை தடவை வடிகட்டினாலும் இனிப்பு குறையாது. ஏனென்றால் தூள் தண்ணீரில் மிதக்கிறது. சர்க்கரை கரைந்திருக்கிறது.

மிதப்பது வேறு, கரைந்தது வேறு. மிதப்பதை வடிகட்டி பிடிக்கும். கரைந்ததைப் பிடிக்காது.

"சுத்திகரிப்பு" என்ற ஒரே வார்த்தைக்குள் இந்த இரண்டும் ஒளிந்து கொண்டன. பட்டறைக்காரர் மிதப்பதைப் பற்றிப் பேசினார். விவசாயி கரைந்ததைப் பற்றிப் பேசினார்.

மூன்றெழுத்துகளின் சங்கதி

சுத்திகரிப்பு நிலையத்து அறிக்கைகளில் மூன்று ஆங்கில எழுத்துச் சுருக்கங்கள் அடிக்கடி வரும்.

ஒன்று, பி.ஓ.டி. தண்ணீரில் உள்ள அழுக்கைக் கிருமிகள் தின்று தீர்க்க எவ்வளவு பிராணவாயு வேண்டும் என்கிற அளவு. இது அதிகமானால் தண்ணீரில் உள்ள பிராணவாயுவை அழுக்கே இழுத்துக்கொள்ளும். மீன் மூச்சுத் திணறிச் செத்து மிதக்கும். ஆற்றில் விட வேண்டுமானால் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது.

இரண்டு, சி.ஓ.டி. கிருமியால் தின்ன முடியாத ரசாயனத்தையும் சேர்த்துப் போடுகிற கணக்கு. இதற்கு எல்லை 250 மில்லிகிராம்.

மூன்று, டி.டி.எஸ். தண்ணீரில் கரைந்திருக்கிற எல்லாத் திடப்பொருளின் மொத்த எடை. நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால் "கரைந்த உப்பு". இதற்கு எல்லை 2,100 மில்லிகிராம்.

முதல் இரண்டையும் பழைய நிலையங்களால் குறைக்க முடிந்தது. மூன்றாவதைத் தொடக்கூட முடியவில்லை. சாயக்கழிவில் டி.டி.எஸ். லிட்டருக்கு 6,000 மில்லிகிராமைத் தாண்டுவது சகஜம். "சுத்திகரித்த" பிறகும் ஏறக்குறைய அதே அளவு.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். அந்த நாட்களில் திருப்பூரில் தினமும் 8 கோடி லிட்டருக்கு மேல் சாயக்கழிவு வெளியானது. லிட்டருக்கு 6 கிராம் என்று வைத்தாலே, தினமும் 480 டன்! பத்து டன் லாரியில் ஏற்றினால் 48 லாரி. ஒவ்வொரு நாளும் 48 லாரி உப்பை நொய்யலில் கொட்டியதற்குச் சமம்.

ஊரார் கண்ணுக்கு லாரி தெரிந்திருந்தால் முதல் நாளே மறித்திருப்பார்கள். கரைந்து போனதால் யாருக்கும் தெரியவில்லை!

ஐகோர்ட்டு வைத்த செக்

நொய்யல் பாசன விவசாயிகள் சங்கம் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனது. 2003-ம் ஆண்டு வழக்கு தொடரப்பட்டது.

2006 டிசம்பரில் ஐகோர்ட்டு உத்தரவு பிறப்பித்தது. இனி ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாது என்றது. அதுவரை வெளியேற்றுகிறவர்கள் லிட்டருக்கு 6 பைசா அபராதம் கட்ட வேண்டும். அது 8 பைசாவாகவும், பிறகு 10 பைசாவாகவும் ஏறும். 2007 ஜூலைக்குப் பிறகும் சரி செய்யாத பட்டறை ஓடக்கூடாது என்றும் கெடு வைத்தது.

பட்டறை உரிமையாளர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2009 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. மாசுபடுத்துகிறவன்தான் நஷ்டத்தை ஏற்க வேண்டும் என்றது.

பாதிக்கப்பட்ட 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 24 கோடியே 80 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கணக்கிடப்பட்டது.

இங்கேதான் "ஜீரோ டிஸ்சார்ஜ்" என்கிற வார்த்தை திருப்பூருக்குள் நுழைந்தது. தமிழில் பூஜ்ய வெளியேற்றம். கழிவைச் சுத்தப்படுத்தி விடு என்பது பழைய சட்டம். கழிவையே விடாதே என்பது புதிய சட்டம். வந்த தண்ணீரை எடுத்து மறுபடியும் சாயத் தொட்டிக்கே அனுப்ப வேண்டும்.

வடிகட்டி போதாது. சர்க்கரையையும் பிடிக்கிற வடிகட்டி வேண்டும். அப்படி ஒன்று உண்டா? உண்டு!

சௌரிராஜன் கண்ட சவ்வு

உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் உப்பிக் கொள்கிறது. எலுமிச்சங்காயை உப்பில் போட்டால் தண்ணீர் விட்டுச் சுருங்குகிறது. காரணம், மெல்லிய தோல் வழியாகத் தண்ணீர் எப்போதும் உப்போ இனிப்போ அதிகமாக உள்ள பக்கத்தை நோக்கிப் போகும். இது இயற்கை.

இதைத் தலைகீழாகத் திருப்பினால்? உப்புத் தண்ணீரைப் பலமாக அழுத்தித் தள்ளினால், தோல் வழியாக நல்ல தண்ணீர் மட்டும் மறுபக்கம் வரும். உப்பு இந்தப் பக்கமே நின்றுவிடும். இதுதான் "ஆர்.ஓ." எதிர்ச் சவ்வூடுபரவல் என்று பள்ளிப் புத்தகத்தில் வரும்.

இது நடைமுறைக்கு வருவதற்கான சவ்வை அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவாக்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் சிட்னி லோப். மற்றவர் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன். காலம் 1959-60. பிறகு 1965-ல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூரில் உப்புத் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆர்.ஓ. நிலையம் ஓட ஆரம்பித்தது. இன்று வீட்டுச் சுவரில் தொங்குகிற பெட்டிக்குள் இருப்பதும் அந்த வம்சம்தான்.

திருப்பூர் நிலையங்களிலும் ஆர்.ஓ. வந்தது. ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி தண்ணீர். அதற்குப் பெயர் "பெர்மியேட்". பட்டறைக்குத் திருப்பி அனுப்பலாம்.

பிரச்சினை தீர்ந்ததா? இல்லை! இன்னொரு குழாய் இருக்கிறதே!

ரிஜெக்ட் என்கிற வில்லன்

சவ்வைத் தாண்டாமல் நின்ற உப்பு ஆவியாகி மறைந்து போவதில்லை. மிச்சத் தண்ணீரில் அடர்த்தியாகச் சேர்ந்து இன்னொரு குழாய் வழியாக வெளியே வரும். அதற்குப் பெயர்தான் "ரிஜெக்ட்".

100 லிட்டர் கழிவு என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 6 கிராம். மொத்தம் 600 கிராம் உப்பு. ஆர்.ஓ. 85 லிட்டர் நல்ல தண்ணீரை எடுத்துவிட்டது. மிச்சம் 15 லிட்டர். அந்த 600 கிராமும் இப்போது இந்த 15 லிட்டரில்! அதாவது லிட்டருக்கு 40 கிராம்.

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான் உப்பு. கடலே இல்லாத திருப்பூரில், கடலை விட உப்பான தண்ணீர் தினமும் உற்பத்தியானது. அதைக் குழாய் போட்டுக் கடலுக்கே அனுப்பி விடலாம் என்ற பேச்சுகூட எழுந்தது.

பாத்தி கட்டி வெயிலில் காய வைத்துப் பார்த்தார்கள். தூத்துக்குடி உப்பளம் மாதிரி இடம் இங்கே ஏது? மழை வந்தால் பாத்தி நிரம்பி வழியும்.

பிறகு "எவாபரேட்டர்" வந்தது. தண்ணீரைக் காய்ச்சி ஆவியாக்குகிற எந்திரம். கொதிக்கிற ஒரு லிட்டர் தண்ணீரை முழுதும் ஆவியாக்க 540 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். லட்சக்கணக்கான லிட்டருக்கு எவ்வளவு விறகு, எவ்வளவு கரண்டு!

அதனால் ஒரு தந்திரம் செய்தார்கள். முதல் பாத்திரத்தில் கிளம்புகிற ஆவியை வீணாக்காமல், அதைக் கொண்டே இரண்டாவது பாத்திரத்தைச் சூடாக்குவது. இரண்டாவதன் ஆவியால் மூன்றாவது. ஒரே அடுப்பில் பல உலை! இதுதான் "மல்டிபிள் எபெக்ட்" என்று சொல்லப்படுகிறது.

இத்தனை இருந்தும் பல நிலையங்கள் சொன்ன கெடுவில் முழு அளவுக்கு ஓடவில்லை. சாயத் தண்ணீர் ஆற்றுக்கு வந்துகொண்டே இருந்தது. விவசாயிகள் கோர்ட்டு அவமதிப்பு வழக்கு போட்டார்கள்.

மின்சாரம் துண்டிப்பு!

2011 ஜனவரி 28-ந்தேதி. சென்னை ஐகோர்ட்டு கடைசி அடி கொடுத்தது. திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளும் சுத்திகரிப்பு நிலையங்களும் மூடப்பட வேண்டும். மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

ஊரே ஸ்தம்பித்தது.

சாயம் இல்லாமல் துணி இல்லை. துணி இல்லாமல் கட்டிங் இல்லை. கட்டிங் இல்லாமல் தையல் இல்லை. சாயம் போட வெளியூர்களுக்குத் துணி லாரியில் போனது. கூலி ஏறியது, ஆர்டர் தாமதமானது. பட்டறைத் தொழிலாளர்கள் மூட்டை கட்டினார்கள். தெக்கத்தி ஊர்களிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் பஸ் ஏறித் திரும்பின. மளிகைக் கடைக் கடன் நோட்டுகளில் பாக்கி நின்றது.

ஆற்றின் கீழ்ப்பகுதியில் தென்னை செத்தபோது அழுதது ஒரு கூட்டம். ஆற்றின் மேல்பகுதியில் பட்டறை மூடியபோது அழுதது இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டமும் ஏழைகள்தான்.

உப்புக்கே திரும்ப வேலை

வழி எப்படிப் பிறந்தது?

"இந்த உப்பைக் காய்ச்சித் தொலைப்பதற்குப் பதில், மறுபடியும் சாயத்துக்கே போட்டால் என்ன?" என்கிற யோசனைதான் வழி காட்டியது.

சாயத் தொட்டிக்கு எப்படியும் உப்புத் தண்ணீர் வேண்டும். ரிஜெக்டும் உப்புத் தண்ணீர்தானே! அதிலுள்ள நிறத்தையும் கடினத் தன்மையையும் எடுத்துவிட்டால் அப்படியே சாயம் போடலாம். இதற்குப் பெயர் "பிரைன்" முறை. இதற்கு வசதியாகச் சோற்றுப்புக்குப் பதில் கிளாபர் உப்பை உபயோகிக்க ஆரம்பித்தார்கள். கிளாபர் உப்புக்கு ஒரு குணம் உண்டு. குளிரவைத்தால் கற்கண்டு மாதிரி படிகமாகத் தனியே வந்துவிடும். அதை அள்ளி மூட்டை கட்டிப் பட்டறைக்கே கொடுக்கலாம்.

அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் 2011-ல் இந்த முறை சோதனையாக ஓட்டிப் பார்க்கப்பட்டது. பலன் தெரிந்ததும் மற்ற நிலையங்களுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக அனுமதி கிடைத்தது. நிலையங்களைச் சீரமைக்கத் தமிழக அரசு ரூ.200 கோடி வட்டியில்லாக் கடன் அறிவித்தது. இப்போது 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும், தனி நிலையம் வைத்த பட்டறைகளும் இந்த வழியில் நடக்கின்றன.

இன்றைக்குத் தண்ணீரில் பெரும் பகுதியும், உப்பில் பெரும் பகுதியும் பட்டறைக்கே திரும்புகின்றன. இவ்வளவு பெரிய தொழில் நகரம் முழுவதும் பூஜ்ய வெளியேற்றத்துக்கு வந்தது லேசான காரியம் அல்ல.

ஆனாலும் கணக்கு முழுதாகத் தீரவில்லை. கடைசியில் எதற்கும் உதவாத "கலப்பு உப்பு" கொஞ்சம் மிஞ்சும். அதைத் தண்ணீர் படாமல் கொட்டகையில் பூட்டி வைக்க வேண்டியிருக்கிறது. ஸ்லட்ஜை சிமெண்டு ஆலைக்கு அனுப்புகிறார்கள்.

திருட்டுத்தனமாக ஓடுகிற பட்டறைகளும் இல்லாமல் இல்லை. மழை நாளில், வெள்ளத்தோடு வெள்ளமாகச் சாயத் தண்ணீரைத் திறந்து விடுகிறார்கள் என்ற புகார் இன்றும் எழுகிறது. அதிகாரிகள் போய் மின்சாரத்தைத் துண்டிப்பதும் நடக்கிறது.

இனி வீட்டுக்கு வருவோம்

பட்டறைக்குச் சொன்ன பாடம் அடுப்படிக்கும் பொருந்தும். கடையில் "சார், இது சூப்பர் பில்டருங்க" என்று எதை நீட்டினாலும், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "இது எதை எடுக்கும், எதை விடும்?"

இதோ பட்டியல்:-

கொதிக்க வைப்பது: கிருமி சாகும். உப்பு போகாது. தண்ணீர் சுண்டினால் உப்பு கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

குளோரின்: கிருமியைக் கொல்லும். குழாயின் கடைசி வீடு வரை லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். லேசான மருந்து வாடை வந்தால் பயப்பட வேண்டாம். அது காவல்காரன் விழித்திருக்கிறான் என்பதற்கு அடையாளம்.

மெழுகுவர்த்தி பில்டர்: மண், தூசு நிற்கும். உப்பு நிற்காது.

கரி பில்டர்: நாற்றம், நிறம், குளோரின் வாடையை இழுத்துக்கொள்ளும். உப்பைத் தொடாது.

யூ.வி. விளக்கு: கிருமியை முடக்கும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் வெளிச்சம் ஊடுருவாது, பலன் இல்லை. உப்பு அப்படியே இருக்கும்.

சாப்ட்னர்: குழாய், ஹீட்டர், பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிற சுண்ணாம்பை எடுக்கும். ஆனால் அதற்குப் பதில் சோடியத்தைக் கொடுத்துவிடும். சோப்பு நுரைக்கும், டி.டி.எஸ். குறையாது.

ஆர்.ஓ.: உப்பைப் பிடிக்கிற ஒரே ஆள் இவர்தான். ஆனால் பல வீட்டு எந்திரங்களில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு, மூன்று லிட்டர் ரிஜெக்டாக வெளியே போகிறது. அதைச் சாக்கடையில் விடாமல் பாத்திரம் கழுவ, தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம். செடிக்கு மட்டும் யோசித்து ஊற்ற வேண்டும். உப்பு மண்ணில் தங்கிவிடும். ஒரத்துப்பாளையத்தில் நடந்தது தொட்டிச் செடிக்கும் நடக்கும்.

நாற்பது என்றால் நல்லதா?

கேன் பையன் காட்டுகிற மீட்டருக்கு வருவோம்.

அந்தப் பேனா மீட்டர் உண்மையில் உப்பை எடை போடுவதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்று பார்த்து உப்பின் அளவைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. உப்பு அதிகமானால் எண் ஏறும்.

கிருமி இருந்தால் எண் ஏறுமா? ஏறாது. பூச்சி மருந்து கலந்தால் ஏறுமா? அதுவும் ஏறாது. சாக்கடைத் தண்ணீர் ஒரு டம்ளர் சேர்ந்த கேனிலும் மீட்டர் நல்ல எண்ணைக் காட்டக் கூடும். "டி.டி.எஸ். நாப்பது" என்றால் உப்பு குறைவு என்று மட்டும்தான் அர்த்தம். தண்ணீர் சப்பென்று இருப்பதற்கும் அதுதான் காரணம்.

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் டி.டி.எஸ். 500 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்று எங்கேயும் எழுதவில்லை.

"மினரல் வாட்டர்" என்ற பெயரும் சரியல்ல. இயற்கை ஊற்றிலிருந்து எடுத்து, அதன் தாது உப்புகள் மாறாமல் அடைக்கிற தண்ணீருக்குத்தான் அந்தப் பெயர். அதற்கான தர எண் ஐ.எஸ். 13428. தெருவில் போகிற கேனில் இருப்பது பெரும்பாலும் போர் தண்ணீரை ஆர்.ஓ. செய்து அடைத்தது. அதன் சரியான பெயர் அடைக்கப்பட்ட குடிநீர். அதற்குத் தர எண் ஐ.எஸ். 14543. மீட்டரைப் பார்ப்பதை விட, கேனின் மேல் கம்பெனி பெயர், உரிம எண், அடைத்த தேதி, மூடியின் சீல் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. கேனின் உட்புறம் பச்சை படிந்திருந்தால் எந்த எண்ணும் காப்பாற்றாது.

ஒரு கேள்வி போதும்

திருப்பூருக்கு இப்போது காவிரித் தண்ணீர் வருகிறது. பவானிக்கு அருகே காவிரியிலிருந்து நாள் ஒன்றுக்கு 18½ கோடி லிட்டர் எடுக்கும் திறனுள்ள குழாய்த் திட்டம் போட்டிருக்கிறார்கள். பட்டறைகளுக்கும் வீடுகளுக்கும் அது வந்த பிறகு லாரிக்குக் காத்துக் கிடந்த காலம் பெருமளவு மாறியிருக்கிறது.

ஆனால் பூமிக்குள் இறங்கிய பழைய உப்பு இன்னும் போகவில்லை. ஆற்றோரக் கிணறுகளில் இன்றும் அது ஏறி வருகிறது. ஆற்றில் விட்டது சில வருஷம். பூமி அதை மறக்க எத்தனை வருஷமோ!

அதனால்தான் நொய்யல் கரை விவசாயி யாராவது "சுத்திகரிச்சாச்சுங்க" என்று சொன்னால் உடனே தலையாட்டுவதில்லை. எதிர்க் கேள்வி போடுகிறார்:

"சரிங்க, உப்பு எங்க போச்சு?"

கேன் போடுகிற தம்பியிடமும், பில்டர் விற்கிற கடைக்காரரிடமும் நெருப்பெரிச்சல் அக்கா கேட்க வேண்டியதும் அதே மாதிரி ஒரு கேள்விதான்:

"எதைத் தம்பி எடுத்தீங்க? எதை உட்டு வெச்சீங்க?"